லத்தியால் பாறையை நகர்த்த முடியுமா?

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் இரவே பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்துவிட்டது. ஆனாலும் திருவண்ணாமலையில் மழை விட்டபாடில்லை. மாலையில் வ.உ.சி. நகரில் மலை சரிந்தது. பாறையும் சேறும் உருண்டு வந்து வீட்டை மூடின. ஒரே வீட்டுக்குள் 7 பேர். அதில் 5 பேர் பிள்ளைகள். ஒருவரைக்கூட உயிரோடு மீட்க முடியவில்லை!

"போலீஸ் என்ன செஞ்சுது?" என்று டீக்கடையில் உட்கார்ந்து கேட்பது சுலபம்.

முதலில் ஓடி வந்தவர்கள் உள்ளூர் போலீசாரும் தீயணைப்பு வீரர்களும்தான். கும்மிருட்டு. கொட்டும் மழை. மேலே இருந்து இன்னொரு பாறை உருளுமோ என்ற பயம். குறுகலான சந்தில் பெரிய எந்திரம் நுழையாது. தேசிய பேரிடர் மீட்புப் படை வந்து மோப்ப நாயோடு தேடிய பிறகும், எல்லா உடல்களையும் எடுத்து முடிக்க 3-ந்தேதி ஆகிவிட்டது. பயிற்சி பெற்ற படைக்கே அந்தப் பாடு! கையில் லத்தியோடு நிற்கிற கான்ஸ்டபிள் மீது பழியைப் போடுவது என்ன நியாயம்?

அதற்காக போலீசுக்கு பாராட்டுப் பத்திரம் வாசித்துவிட்டு போய்விடவும் முடியாது. பாறை விழுந்த பிறகு நடந்ததை விட, விழுவதற்கு முன்பு என்ன நடந்தது என்பதுதான் கேள்வி.

அடுத்த 12-ம் நாள் நடந்ததைப் பாருங்கள். டிசம்பர் 13, கார்த்திகை தீபம். முந்தைய ஆண்டுகளில் தீபத்தன்று 2,500 பேரை மலை ஏற விடுவார்கள். அந்த ஆண்டு மண்ணியல் வல்லுநர்கள் மலையை ஆய்வு செய்தார்கள். பக்தர்கள் ஏறக்கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. கொப்பரையும் நெய்யும் கொண்டு போகிறவர்களுக்கு மட்டும் அனுமதி. வழியை மறித்து நின்றது போலீஸ்தான். மனத்தாங்கல் இருந்தது. இருந்தாலும் அது சரியான காரியம்.

ஆக, தடுக்கத் தெரியாத போலீஸ் அல்ல. மலையடிவாரத்தில் வீடுகள் மேலே மேலே ஏறியது ஒரே ராத்திரியில் நடந்ததா? எந்தத் தெரு சரிவில் இருக்கிறது என்பது ராத்திரி ரோந்து போகும் போலீஸ்காரருக்குத் தெரியாமலா இருக்கும்?

வீட்டைக் காலி பண்ணச் சொல்லும் பொறுப்பு போலீசுக்கு மட்டும் உரியது அல்ல. 2005-ம் ஆண்டு சட்டப்படி மாவட்ட பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு கலெக்டர்தான் தலைவர். தாசில்தார் சொல்ல வேண்டும், மாநகராட்சி இடம் தர வேண்டும். ஆனால் மழை ராத்திரியில் கதவைத் தட்டப் போவது காக்கிச் சட்டைதான்.

தட்டினால் மட்டும் போதுமா? சட்டி பானையும் கைக்குழந்தையுமாக அந்த ஜனங்கள் எங்கே போவது? எந்தப் பள்ளிக்கூடம், அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பதாவது ஒவ்வொரு அக்டோபரிலும், பருவமழைக்கு முன்பே, போலீஸ் ஸ்டேஷன் சுவரில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.