தொட்டி கழுவ வந்த மீனுக்குச் சோறு கிடையாதா?

மயிலாப்பூர் மாட வீதிக் கடையானாலும் சரி, தி.நகர் டாக்டர் வீட்டு வரவேற்பறையானாலும் சரி, அடையாறு அடுக்குமாடி வீடானாலும் சரி... கண்ணாடித் தொட்டி இருந்தால் அதன் அடியில் ஒரு கெளுத்தி கிடக்கும். மேலே மினுக்கும் தங்க மீனைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். கீழே கிடப்பதை யார் பார்க்கிறார்கள்?

"இதுல ஒண்ணு போட்டுடுங்க சார், தொட்டியைக் கழுவவே வேணாம். அழுக்கைத் தின்னே வளந்துடும்!"

மீன் கடைகளில் வழக்கமாகக் கேட்கும் பேச்சு இது. வாங்குகிறவரும் நம்பிவிடுகிறார். இதில் பாதிகூட உண்மை இல்லை.

அழுக்கு ஆகாரமா?

நகரில் அதிகம் விற்கும் அடித்தரைக் கெளுத்திகள் இரண்டு. ஒன்று 'கோரி' எனப்படும் கோரிடோரஸ். இரண்டு, மூன்று அங்குலம்தான். மீசை வைத்த சாது. இன்னொன்று கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கிடக்கும் 'சக்கர்'. கடைகளில் 'டேங்க் கிளீனர்' என்று பட்டப்பெயர். இரண்டுக்கும் பூர்வீகம் தென் அமெரிக்கா.

மற்ற மீன்களின் கழிவைத் தின்று இவை உயிர் வாழாது. கோரி மணலைக் கிளறிப் புழு பூச்சி தேடும். சக்கர் பாசியைச் சுரண்டும். சின்னத் தொட்டியில் பாசி எத்தனை நாளைக்கு வரும்? மேலே தூவும் தீனியைத் தங்க மீன் கூட்டமே மொய்த்துத் தீர்த்துவிடும். அப்புறம் பட்டினிதான். போதாக்குறைக்கு, சக்கர் போடும் கழிவே தொட்டிக்குப் பெரிய பாரம்.

கல்யாண வேலைக்கு வந்தவனைப் பந்தியில் உட்கார வைக்காமல் எச்சில் இலையைக் காட்டுவது போன்ற கதை இது!

செலவு கொஞ்சம்தான்

இவற்றைக் காப்பாற்றப் பெரிய பணம் வேண்டாம். அடியில் மூழ்கும் வில்லைத் தீனி கடையில் கிடைக்கிறது. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு போட்டால், மற்ற மீன்கள் அடங்கிய நேரத்தில் இவை நிம்மதியாகத் தின்னும். சக்கருக்கு வெள்ளரித் துண்டோ, லேசாக வேகவைத்த சுரைக்காயோ போதும். மிச்சத்தைக் காலையில் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் நாறும்.

கோரிக்குத் தனிமை ஆகாது. ஐந்தாறு சேர்ந்தால்தான் பயமில்லாமல் உலாவும். அடியில் கூரான ஜல்லி வேண்டாம், மெல்லிய மணல் போடலாம். கூரான கல்லும் அழுகிய அடிமண்ணும் சேர்ந்தால் மீசையே தேய்ந்துபோகும். மீசை போனால் இரை தேட வழி?

வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்ற வேண்டும். மெட்ரோ வாட்டரில் குளோரின் உண்டு. அதை முறிக்கும் மருந்துச் சொட்டு விடாமல் ஊற்றக்கூடாது. சென்னை வெயிலில் தண்ணீர் சூடேறினால் பிராணவாயு குறையும். கோரி எப்போதாவது மேலே வந்து காற்றைக் குடிப்பது அதன் இயல்பு. ஓயாமல் மேலே ஓடினால் தண்ணீர் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

பெரிய ஆபத்து

இரண்டு அங்குலத்தில் வாங்கும் சக்கர் ஓர் அடிக்கு மேல் வளரும். இதைக் கடையில் எத்தனை பேர் சொல்கிறார்கள்? தொட்டி கொள்ளாதபோது, "பாவம், உயிரோட விட்டுடலாம்" என்று ஏரியிலோ, கோயில் குளத்திலோ, அடையாற்றிலோ விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது புண்ணியமல்ல, பாவம்!

உடம்பெல்லாம் கவசம், முள் துடுப்பு. நம் ஊர் மீன்களில் இதை விழுங்கக்கூடியவை மிகக் குறைவு. கரையைக் குடைந்து வளை தோண்டும். வலையைக் கிழிக்கும். நாட்டு மீன்களின் இரையில் பங்கு கேட்கும். பிடித்தாலும் மார்க்கெட்டில் விலை போகாது. அலங்கார மீன்கள் தென்னிந்திய நீர்நிலைகளில் ஊடுருவும் அபாயத்தை 2010-லேயே ஓர் ஆய்வுக் கட்டுரை எச்சரித்தது. ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு 2000-ல் மத்திய அரசு தடை போட்ட பிறகும் அது ஒழிந்தபாடில்லை. நுழைந்த மீனைத் திரும்ப விரட்டுவது அவ்வளவு லேசா?

உண்மையைச் சொன்னால் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் பயப்படத் தேவையில்லை. கொளத்தூர் வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்கள் வண்ண மீனை நம்பிப் பிழைக்கின்றன. வாங்கிய மீன் பத்தே நாளில் செத்தால் வாடிக்கையாளர் திரும்பி வருவாரா? தொட்டியின் மேல் விலையோடு, 'இது எவ்வளவு வளரும், என்ன தின்னும்' என்று இரண்டு வரி எழுதி ஒட்டட்டும். வளர்ந்த மீனைத் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும்.

வாங்குகிறவர்களும் ஒன்றை நினைவில் வைத்தால் போதும். தொட்டியைக் கழுவுவது மீனின் வேலையல்ல, வீட்டுக்காரரின் வேலை. அதற்கு மனமில்லாதவர்கள் தொட்டி வாங்காமல் இருப்பதே மீனுக்குச் செய்யும் உபகாரம்!