வந்தவுடனே 90 நிமிஷமா?

கொல்கத்தாவில் குடியிருந்துகொண்டு கால்பந்தில் கட்சி சேராமல் இருப்பது கஷ்டம். நம் சங்கத்துக் குடும்பங்களிலேயே அண்ணன் மோகன் பகான், தம்பி ஈஸ்ட் பெங்கால் என்று பிரிந்து, ஆட்டத்தன்று முகம் கொடுத்துப் பேசாதவர்கள் உண்டு. இரண்டு கட்சியும் ஒத்துப்போகிற விஷயம் ஒன்றே ஒன்றுதான். புதிதாக ஒப்பந்தமான ஆட்டக்காரர் முதல் ஆட்டத்திலேயே 90 நிமிஷமும் ஓடியாக வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்தால், "இவனுக்கா இத்தனை பணம்?" என்று காலரியில் குரல் கிளம்பிவிடும். காயத்திலிருந்து மீண்டு வருபவரிடம் இந்த அவசரம் கூடாது என்பது என் கட்சி.

சந்தேஷ் ஜிங்கனை எல்லோருக்கும் நினைவிருக்கும். 2019 அக்டோபரில் அவருக்கு முழங்காலில் ஏ.சி.எல். தசைநார் கிழிந்தது. கேரளா பிளாஸ்டர்ஸுக்காக அந்த சீசன் முழுவதும் அவர் ஆடவில்லை. 2020 செப்டம்பரில் அவரை ஏ.டி.கே. மோகன் பகான் எடுத்தபோது, "முட்டி போனவனை எடுக்கிறார்களே" என்று சொன்னவர்கள் நம்மிலும் இருந்தார்கள். கொரோனாவால் ஐ.எஸ்.எல். போட்டிகள் ஆளில்லாத கோவா மைதானங்களில் நவம்பர் 20-ஆம் தேதிதான் தொடங்கின. முதல் ஆட்டமே பழைய கிளப்புக்கு எதிராக. 1-0 என்று ஜெயித்தார்கள். அணி இறுதி ஆட்டம் வரை போயிற்று. அந்த சீசனின் சிறந்த இந்திய ஆட்டக்காரர் விருதும் ஜிங்கனுக்கே கிடைத்தது. விருதைப் பேசுகிறவர்கள், காயத்துக்கும் அந்த முதல் ஆட்டத்துக்கும் நடுவில் இருந்த 13 மாதத்தைப் பேசுவதில்லை.

2021-இல் அவர் குரோவேஷியாவின் ஷிபெனிக் கிளப்புக்குப் போனார். போன இடத்தில் காயம். ஒரு போட்டிகூட ஆடாமல் 2022 ஜனவரியில் இங்கேயே திரும்பினார். அதே மனிதர், அதே உழைப்புதான். ஒப்பந்தத்தில் போடும் கையெழுத்து உடம்புக்குத் தெரியாது.

காயம் ஆறுவது வேறு, ஆட்டத்துக்குத் தயாராவது வேறு. நேர்கோட்டில் ஓடுவதற்கு முட்டி சீக்கிரம் பழகிவிடும். எதிராளி திரும்பும்போது கூடவே திரும்புவதும், எகிறித் தலையால் முட்டிவிட்டு ஒற்றைக் காலில் இறங்குவதும், இடிபட்டும் விழாமல் நிற்பதும்தான் கடைசியில் வரும். அறுவை நடந்த காலில் தொடை இளைத்திருக்கும். அந்தப் பாரத்தையும் நல்ல கால் சுமந்து அதுவும் கெடும். அதனால்தான் ஒற்றைக் காலில் தாண்டச் சொல்லி, இரண்டு காலையும் அளந்து பார்க்கிறார்கள். ஒன்பது மாதத்துக்கு முன்னால் களமிறங்குவோருக்கு மறுபடி முட்டி போகும் அபாயம் கூடுதல் என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அதற்குப் பிறகும் முதலில் இடிபடாத பயிற்சி, பிறகு சிறு ஆட்டம், பிறகு கடைசி 20 நிமிஷம், அப்புறம் அரை ஆட்டம் என்றுதான் ஏற்ற வேண்டும். புது அணி என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு. பக்கத்தில் ஆடுபவர் எங்கே நிற்பார் என்று தெரியாமல் வீணாக ஓடும் ஓட்டமே பாதி மூச்சை வாங்கிவிடும்.

பெரிய கிளப்புகளில் இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. மைதானத்துச் சின்ன கிளப்புகளில் ஐஸ் கட்டியும் கிரேப் பேண்டேஜும்தான் வைத்தியம். லீக் நடப்பதோ மழைக்காலத்துச் சேற்றில். கிடைத்த இடம் பறிபோய்விடுமே என்று நம் வீட்டுப் பையன்கள் வீக்கத்தை மறைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். நமக்கும் "எங்கள் பையன் ஆடுகிறான்" என்று சொல்லிக்கொள்ள ஆசை, கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

எங்கள் குடியிருப்பில் ஒரு பையனை இந்த வருஷம் ஒரு கிளப் எடுத்திருக்கிறது. ஏழு மாதத்துக்கு முன் முட்டியில் அறுவை நடந்தவன். "முதல் ஆட்டத்திலேயே முழுசாக ஆடாவிட்டால் வேறு பையனைப் பார்ப்போம்" என்கிறார்களாம். இடம் போனாலும் போகட்டும், டாக்டரின் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று அவன் அப்பாவிடம் சொன்னேன். அவர் தயங்குகிறார். வங்காளத்தில் பேசத்தான் தயக்கம் என்றால், கூட வர நான் தயார்.