வயிற்றுக் கட்டியும் கற்பு விசாரணையும்

மணமாகாத பெண்ணுக்கு வயிறு பெருத்தால் நம் ஜனங்களில் அநேகர் முதலில் தேடுவது டாக்டரையல்ல; "அந்த ஆண் யார்?" என்றே தேடுகிறார்கள். மணமானவளாயிருந்தால் சோசியனையும் பூசாரியையும் தேடுகிறார்கள். முன்னவளுக்கு அடியும் ஏச்சும். பின்னவளுக்குத் தாயத்தும் வேப்பிலையும். வைத்தியம் மாத்திரம் இருவருக்கும் இல்லை.

அப்படிப் பெருத்த வயிற்றை அறுத்துச் சினைப்பைக் கட்டியை எடுத்தால், சில சமயம் அதற்குள் மயிரும் பல்லும் இருப்பதுண்டு. உடனே "பிள்ளைதான்" என்பான் ஒருவன். "செய்வினை" என்பான் மற்றொருவன். இரண்டும் பொய். இதற்கு டெர்மாய்டு கட்டி என்று பெயர். சினைப்பையிலுள்ள முட்டை அணு ஒன்று, ஆண் சம்பந்தம் எதுவுமின்றித் தானே பெருகித் தோலாகவும் மயிராகவும் பல்லாகவும் ஆவதால் உண்டாவது. இதை 1975-ம் ஆண்டிலேயே விஞ்ஞானிகள் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். இளம் பெண்களுக்குச் சாதாரணமாய் வரக்கூடியது, பெரும்பாலும் ஆபத்தில்லாதது. அப்படியிருக்க, அப்பெண்ணின் நடத்தையைப் பேச எவனுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று கேட்கிறோம்.

சரி, எது சாதுவான கட்டி, எது புற்றுநோய் என்று எப்படி அறிவது? ஸ்கேன் சந்தேகத்தைக் காட்டும்; முடிவு சொல்லாது. சி.ஏ.125 என்னும் இரத்தச் சோதனையோ மாதவிலக்கிலும் ஏறும். வயிற்றுக் காசநோயிலும் ஏறும். ஆரம்பப் புற்றுநோயில் ஏறாமலும் இருக்கும். ஆகவே முடிவு சொல்ல வேண்டியது கட்டியின் சதையேயாகும். அதை மெல்லியதாய்ச் சீவிச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், அணுக்களின் உருவைக் கொண்டு சாதுவா, கொடியதா, நடுத்தரமா என்று டாக்டர் சொல்லுவார். ஆபரேஷன் நடக்கும்போதே சதையை உறையவைத்துச் சுமார் அரைமணியில் பார்க்கும் வழியும் உண்டு. இதனால் இளம்பெண்ணின் மற்றச் சினைப்பையையும் கருப்பையையும் அநாவசியமாய் இழக்காமல் காக்கலாம். கடைசித் தீர்ப்பு, சில நாள் கழித்து வரும் முழுச் சோதனையே.

ஒரு எச்சரிக்கை. புற்றுநோய்ச் சந்தேகமுள்ள கட்டி சினைப்பைக்குள்ளேயே அடங்கியிருக்கையில் ஊசி குத்தி நீரெடுக்கக் கூடாது. நோயணு வயிற்றில் சிந்திப் பரவலாம். உடையாமல் முழுதாய் எடுத்தே சோதிக்க வேண்டும். நோய் முன்பே பரவியிருந்தால்தான் ஊசியால் சதை எடுப்பது.

"கட்டிதான் எடுத்தாய்விட்டதே, இனிச் சோதனைக்கு ஏன் காசு?" என்னும் புருஷர்களைக் கேட்கிறோம்: ஜாதகத்துக்கும் பரிகாரத்துக்கும் கிடைத்த காசு இதற்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை? சோதிக்காமல் எறிந்த கட்டி புற்றுநோயாயிருந்து மறுபடியும் தலைகாட்டினால் யார் ஜவாப்தாரி? இளம்பெண்களுக்கு முட்டை அணுவிலிருந்து வரும் புற்றுநோய்கள் பெரும்பாலும் மருந்தில் குணமாகக் கூடியவை. நோயின் பெயர் காலத்தில் தெரிந்தால்தானே மருந்து?

ஆகவே, பெண்ணை விசாரிப்பதை விட்டுக் கட்டியை விசாரியுங்கள். எடுத்த சதை சோதனைக்குப் போயிற்றா என்று கேளுங்கள். சோதனைச் சீட்டை வாங்கி, அதன் விஷயத்தை அப்பெண்ணுக்கே சொல்லுங்கள். உடல் அவளுடையது.