நோயாளியின் சொல்லும் ஆய்வாளரின் ஏடும்

யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருவர் "எனக்கு வருத்தம்" என்பாராயின், உடல்நோயைக் கூறுகின்றார். தமிழகத்தார் ஒருவர் அதே சொல்லைக் கூறின், மனத்துயரைக் கூறுகின்றார். இவ்விருவரும் புறக்கோட்டைக் கடைவீதியில் எதிர்ப்படுதல் அரிதன்று. மூட்டை சுமக்கும் நாட்டாமையும், மொத்த வியாபாரம் செய்யும் முஸ்லிம் அன்பரும், மலைநாட்டிலிருந்து வந்த கடைச்சிப்பந்தியும் தத்தம் வழக்கிலே தமிழ் பேசும் இடம் இது.

மருத்துவத் துறையிலே பண்புசார் ஆய்வு என்றொரு முறை இன்று பயிற்றப்படுகின்றது. எண்ணிக் கணக்கிடுதல் அதன் தொழிலன்று. நோயாளி தம் நோயை எவ்வாறு விளங்கிக்கொள்கின்றார், முதலில் யாரை நாடுகின்றார், மருந்தை ஏன் இடையில் நிறுத்துகின்றார் என்பவற்றை நேர்காணலாலும் குழு உரையாடலாலும் உடனிருந்து நோக்குதலாலும் அது அறிய முயல்கின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம், போரினாற் சிதைந்த வடபுலத்தின் கூட்டு மனவடுவை இவ்வழியில் ஆராய்ந்து 2007 இல் கட்டுரை வெளியிட்டார். தனியொருவரின் நோய்க்குறிகளை எண்ணும் வினாத்தாள் காட்டாததை, குடும்பமும் ஊரும் ஒருவர்மேலொருவர் வைத்த நம்பிக்கையும் குலைந்தமையை, அக்கட்டுரை காட்டிற்று.

முறை நன்று, பயிலும் வகையிலேதான் எமக்கு மாறுபாடு. மாணவர் பலர் தமிழிற் கேட்கின்றனர், ஆங்கிலத்தில் எழுதிக்கொள்கின்றனர், பின்னர் அவ்வாங்கிலத்தையே பகுத்தாராய்கின்றனர். "ஒரே யோசனை" என்று நோயாளி கூறியது வெறுஞ் சிந்தனையெனப் பெயர்க்கப்படுமாயின், உறக்கத்தைக் கெடுத்த கவலை எங்கே போயிற்று? அவர் பெறவேண்டிய சிகிச்சையும் அதனோடு போய்விடுகின்றதன்றோ!

தாமோதரம்பிள்ளையும் சாமிநாதையரும் ஏடு தேடி அலைந்த கதையை நாம் வகுப்பிற் பெருமையோடு சொல்லுகின்றோம். விளங்காத பாடத்தைத் தம் மனம்போலத் திருத்திவிட்டு, திருத்தியதையும் மறைக்கும் பதிப்பாசிரியரை நாம் பொறுப்பதில்லை. நேர்காணலும் ஓர் ஏடே. சொன்னதைச் சொன்னபடி தமிழிற் படியெடுத்து, தமிழிலேயே பகுத்து, பெயர்ப்பை இறுதிக்கு வைத்தல் வேண்டும். பெயர்க்கவொண்ணாச் சொல்லை மூலத்தோடு நிறுத்திக் குறிப்பெழுதல் வேண்டும்.

காலம் போதாது, தேர்வாளர் ஆங்கிலமே கேட்பர் என்பார் உளர். இறுதிக் கட்டுரை ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். அதற்கு யாம் தடை சொல்லவில்லை. 1847 இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் கிறீன், மானிப்பாயிலே தமிழில் மருத்துவங் கற்பித்தார். 1867 இல் 'இரண வைத்தியம்' என்னும் நூலையும் தமிழில் வெளியிட்டார். அந்நியருக்குக் கூடியது நம்மவர்க்குக் கூடாதோ?

மருத்துவ பீடத்தார் தம் நேர்காணற் பயிற்சி வகுப்பிற்குத் தமிழாசிரியர் ஒருவரை அழைக்கட்டும். வடக்கு, கிழக்கு, மலையக வழக்கறிந்த மூவராயின் இன்னும் நன்று.