சுமைக்குத் தகுந்த பல்

காரைக்காலை ஒட்டிய கடற்கரையில் எத்தனை மேடுகள் பாருங்கள்! கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, காசாக்குடிமேடு, கோட்டுச்சேரிமேடு... ஆனால் சைக்கிளில் போகிறவருக்கு மூச்சு வாங்க வைக்கும் மேடு அங்கே ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் பெயரளவில் மேடுதான்!

அந்தக் கிளிஞ்சல்மேட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கல்லூரியில் படிக்கும் அவருடைய பெண், தோழிகளோடு கொல்லிமலைக்குச் சைக்கிளிலேயே போய் வரத் தீர்மானித்திருக்கிறாளாம். கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, நாமக்கல் வழியாகப் பிரயாணம். துணிமணி, படுக்கை, சமையல் சாமான் எல்லாம் கேரியரின் இரு புறமும் தொங்கும் பைகளில். வைத்திருப்பதோ மெல்லிய டயர் போட்ட 'ரோடு பைக்'. "மலை ஏறுவதற்குத் தோதாகக் கியரை மாற்ற வேண்டும் என்கிறாள். 'கியரைச் சின்னதாக்கினால் காலில் வலுவில்லை என்று அர்த்தம்' என்று அவள் அண்ணன் கேலி செய்கிறான். பேசாமல் புதுச் சைக்கிளே வாங்கிக் கொடுத்து விடலாமா?" என்று கேட்கிறார்.

புதுச் சைக்கிள் வேண்டாம், சகோதரி! கேலியையும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். உங்கள் பெண் சொல்வதுதான் சரி.

மாடிக்குத் தண்ணீர்க் குடம் தூக்கிக்கொண்டு போகிறீர்கள். படிகள் ஒவ்வொன்றும் முழங்கால் உயரம் இருந்தால் நாலே படியில் இடுப்பு ஒடிந்துவிடும். அதே மாடிக்குச் சின்னச் சின்னப் படிகளாகக் கட்டியிருந்தால் குடத்தோடு சிரமமில்லாமல் ஏறிவிடலாம். ஏறும் உயரம் ஒன்றுதான், படிதான் வேறு. கியர் செய்வதும் இவ்வளவே. அது காலுக்குப் புதிதாக வலுக் கொடுப்பதில்லை. உயரமான படியைச் சின்னப் படிகளாக வெட்டித் தருகிறது.

கணக்காகவே சொல்கிறேன். இந்த வகைச் சைக்கிளில் பெரும்பாலும் முன்னால் 50 பல்லும் 34 பல்லும் உள்ள இரண்டு சக்கரங்கள் இருக்கும். பின்னால் 11 முதல் 28 பல் வரையில் ஓர் அடுக்கு. கடையில் அதைக் 'காசெட்' என்பார்கள். மிக லேசான கியரில், முன் 34, பின் 28-ல், பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி சுமார் இரண்டரை மீட்டர் நகரும். நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் சாலையானால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஆளையும் வண்டியையும் மூட்டையையும் சேர்த்து 15 சென்டிமீட்டர் தூக்கியாக வேண்டும். பெண் 55 கிலோ, வண்டி 12, மூட்டை 15 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 82 கிலோ! பின்னால் 34 பல்லும் முன்னால் 30 பல்லும் போட்டால் ஒரு சுற்றுக்கு 1.85 மீட்டர்தான் நகரும். தூக்க வேண்டியது 11 சென்டிமீட்டர். நிமிஷத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் மணிக்கு ஆறரைக் கிலோமீட்டருக்கு மேல் போகலாம். நடையைவிட வேகந்தான்.

கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. கனமான கியரைத் திணறித் திணறி மிதித்தால் முழங்கால் நோகும் என்பது மாத்திரமல்ல. வேகம் செத்துப் போன சைக்கிள் நேராக நிற்காமல் தள்ளாடும். வளைவில், பின்னால் பஸ் வரும்போது தள்ளாடுவது விளையாட்டல்லவே!

சரி, என்னென்ன மாற்ற வேண்டும்? பின் அடுக்கை மட்டும் மாற்றிவிட்டு வந்துவிடக் கூடாது. சங்கிலியைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் கை ஒன்று பின்னால் தொங்குகிறதே, அதற்கு 'டீரெய்லர்' என்று பெயர். அது எத்தனை பல் வரை தாங்கும் என்பதற்கு வரம்பு உண்டு. முன் சக்கரங்களின் வித்தியாசத்தையும் பின் அடுக்கின் வித்தியாசத்தையும் கூட்டிப் பாருங்கள். பழைய கணக்கு 16-ம் 17-ம் 33. பின்னால் 11-34 போட்டால் 16-ம் 23-ம் 39. முன்னால் 46-30 போட்டாலும் அதே 39-தான். அவ்வளவு தொய்வை இழுத்துப் பிடிக்க நீளமான கை வேண்டும். குட்டைக் கைக்கு அது எட்டாது. கைப்பிடியிலுள்ள கியர் மாற்றியோடு அது ஒத்துப் போகிறதா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லாக் கையும் எல்லா மாற்றியோடும் சேராது.

அடுத்தது சங்கிலி. பழையதையே போட்டால் நீளம் போதாது. கைதவறி முன் பெரியதிலும் பின் பெரியதிலும் ஒரே சமயத்தில் மாட்டினால் டீரெய்லரே பிய்ந்து வந்துவிடும். பெரியதையும் பெரியதையும் சுற்றி அளந்து, அதற்கு மேல் ஓர் அங்குலம் விடுவது வழக்கம். டீரெய்லரோடு வரும் குறிப்புத்தாளையும் பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்த சங்கிலி புதுப் பல்லையும் சீக்கிரம் தேய்த்துவிடும். ஆகையால் இரண்டையும் சேர்த்தே மாற்றுவது உத்தமம்.

இதையெல்லாம் செய்வதற்கு முன், சட்டத்தில் கேரியர் மாட்டத் துளை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மூட்டையைக் குறைப்பதுதான் வழி.

இனி அண்ணனுக்கு ஒரு வார்த்தை. காரைக்கால் 1954 வரையில் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. அவன் செய்யும் கேலியும் பிரெஞ்சு தேசத்துப் பழைய சரக்குத்தான்! அங்கே செயின்ட் எத்தியென் நகரில் 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதிய பால் தெ விவி, சைக்கிளுக்குப் பல கியர் வேண்டும் என்று வாதாடி வந்தார். 1902-ல் மலைப்பாதையில் ஒரு போட்டி நடந்தது. ஒற்றைக் கியரில் எதுவார் ஃபிஷர் என்ற வீரர். மூன்று கியரில் மார்த் எஸ் என்ற பெண்மணி. ஜெயித்தது அந்த அம்மாள்தான்! வழியில் ஓரிடத்திலும் காலைத் தரையில் ஊன்றவில்லையாம். அப்படியும், பிரபலமான டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை நடத்திய தெக்ராஞ்ச், கியரெல்லாம் 45 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் என்று சாதித்தார். அந்தப் பந்தயத்தில் டீரெய்லரை அனுமதிக்க 1937 ஆயிற்று. இன்று அது இல்லாமல் அங்கே யாரும் போட்டிக்கு வருவதில்லை.

வீட்டில் சாதாரண ஒற்றைக் கியர் சைக்கிள் வைத்திருப்பவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தின் போது, ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். தண்ணீர்க் குடத்தையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு மிதித்தார்கள். அப்படிச் சுமை ஏற்றுகிறவர்கள் பின்னால் 18 பல் ஃப்ரீவீலுக்குப் பதில் 22 பல் போட்டுக்கொண்டால், பெடலை அழுத்தும் பாரம் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். வேகமும் அதே அளவு குறையும். சங்கிலியில் ஒன்றிரண்டு கண்ணி சேர்க்க வேண்டியிருக்கும்.

கிளிஞ்சல்மேட்டில் ஒத்திகை பார்க்க மலைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். கடற்காற்று இருக்கிறதே! பைகளில் முழுச் சாமானையும் கட்டிக்கொண்டு, மாலையில் கடலைப் பார்த்துக் காற்றுக்கு எதிராக உங்கள் பெண் மிதிக்கட்டும். எல்லாக் கியரும் தட்டாமல் விழுகிறதா, பை குதிகாலில் இடிக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பத்து நாளைக்குப் பார்த்துவிட்டுப் புறப்படட்டும். ஏறினவள் அதே சுமையோடு இறங்கியும் வர வேண்டும். ஆகவே பிரேக் கட்டைகளைப் புதிதாகப் போட்டு அனுப்புங்கள்.