காவற்கூலி யார் கடன்?

தன் பண்டத்தை அடுத்தவன் மனையில் குவித்து வைத்து, அதற்குரிய காவற்கூலியையும் அம்மனைக்குரியவனிடமே ஒருவன் வாங்குவானாயின், அதனை உலகம் வழிப்பறி என்னும். ஆங்கிலப் பேரரசோ அதற்குப் 'படைச்செலவுப் பங்கு' என்று பெயர் சூட்டியது.

சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய மூன்றும் 1867இல் இந்திய ஆளுகையினின்று பிரிக்கப்பட்டு, இலண்டனின் நேரடிக் குடியேற்றமாயின. கீழைக்கடல் செல்லும் போர்க்கப்பல்கள் நிலக்கரி ஏற்றும் துறை சிங்கப்பூர். அங்குக் குவிந்த கரியும் கடற்படைப் பண்டங்களும் பேரரசின் உடைமைகள். அவற்றைக் காக்கும் கோட்டைகளைக் கட்டும் செலவு குடியேற்றத்தின் தலையில் விழுந்தது. இலண்டன் பீரங்கிகளைத் தந்தது.

அதனோடும் அமையவில்லை. 1890இல் படைச்செலவுக்கென ஆண்டுக்கு 1,00,000 பவுன் கேட்டது இலண்டன். சட்டமன்றத்தின் அரசு சாரா உறுப்பினர் எதிர்த்தனர். 1895இல் பதவியையே துறந்தனர். விளைவென்ன? வருவாயில் நூற்றுக்கு 17½ பங்கு என வரையறுக்கப்பட்டது. பின்னர் அதுவும் 20 ஆக உயர்ந்தது.

அவ்வருவாய்தான் எவருடையது? பல ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதி அபினியால் வந்தது. பகலெல்லாம் மூட்டை சுமந்த சீனக்கூலி, இரவில் உடல்நோவு மறக்கப் புகைத்த நஞ்சின் வரியே வெள்ளையன் பீரங்கிக்குக் காவலாயிற்று!

பண்டசாலைக் காவலர்க்குக் கொடுத்த ஊதியத்தைத் திருப்பித் தருமாறு குடியேற்ற அரசு கடற்படைத் துறையைக் கேட்பது முறையே. உடைமை எவனுடையதோ, காவற்கூலியும் அவன் கடனே. ஆயினும், கேட்பவனும் கொடுப்பவனும் ஒரே முடியின் ஊழியர். உண்மையில் பணம் கொடுத்த கூலியாளுக்கு அவ்வழக்கில் இடமேது? கணக்கைக் காணும் உரிமைதான் ஏது?

கொடுத்த விலைக்குக் காவலேனும் கிடைத்ததா? பின்னாளில் எழுந்த கடற்படைத் தளத்திற்கு மலாய்க் கூட்டு நாடுகள் 20,00,000 பவுன் ஈந்தன. 1938இல் தளம் திறக்கப்பட்டது. 1942 பிப்பிரவரி 15இல் சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தது. காவலன் கைதூக்கி நின்றான். கூலி கொடுத்த மக்களே வாளுக்கு இரையாயினர்.

வரி கொடுப்பவன் கணக்குக் கேட்க இயலாத ஆட்சியில் காவல் என்பது கொள்ளையின் மறுபெயரே. எந்நாட்டாராயினும், எவ்வாட்சியாயினும், இதனை மறவாதிருப்பாராக!