எவ்வளவு தூக்கினால் போதும்?

“இந்த மட்டைப் பைய யாருக்காவது வித்துக் கொடும்மா” என்றார் கிள்ளான் மாமா.

சிறுவயதில் தோட்டத்துத் துரைகளுக்குக் கேடியாகப் பை தூக்கி, பார்த்துப் பார்த்தே கோல்ஃப் கற்றவர். எம். இராமையா, பி. குணசேகரன் என்று நம்மவர்கள் தொழில்முறை கோல்ஃபில் பெயரெடுத்த கதைகளைச் சலிக்காமல் சொல்வார். இப்போது 66 வயது. தோள்பட்டை வலிக்குப் பிறகு கை முன்போல் எழும்பவில்லை. ‘மெதுவாக ஆடலாம்’ என்று மருத்துவர் சொல்லியும், “பாதி தூக்கி அடிக்கிறதெல்லாம் ஒரு ஆட்டமா?” என்றார்.

“விக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு நாள் சொல்லிக் குடுங்க மாமா” என்று கேட்டு, ஞாயிறு காலை பிரிக்பீல்ட்ஸில் பசியாறிவிட்டுப் பயிற்சித் திடலுக்கு அழைத்துப் போனேன்.

கையில் வெட்ஜ், இலக்கு 30 மீட்டர். மட்டையைத் தலைக்குப் பின்னால் வரை இழுத்தேன். இறங்கும்போது, ‘ஐயோ, தாண்டிப் போய்விடுமே’ என்று கை தயங்கியது. மட்டை மண்ணைக் கொத்தியது. பந்து இரண்டடி நகர்ந்தது.

“அவ்வளவு இழுத்தா, வரும்போது பிரேக் போடத்தான் தோணும். கொஞ்சமா தூக்கு, தயங்காம அடி.”

அடிப்பதற்கு முன் மட்டையைப் பின்னால் கொண்டுபோவதுதான் பேக்ஸ்விங். மாமா அதைக் கடிகாரமாக்கிக் காட்டினார். பந்து இருப்பது 6 மணி. வலக்கை ஆட்டக்காரருக்கு இடது கைதான் முள். வெட்ஜில் குறுகிய தூரத்துக்கு 7.30, கொஞ்சம் கூடுதலுக்கு 9. அயன் மட்டைக்குத் தூரத்தைவிடக் குறிதான் முக்கியம். முக்கால் வீச்சு போதும். 45 அங்குல நீள டிரைவருக்குத்தான் முழு வீச்சு. அதுவும் தோள் திரும்பும் வரைதான். தோள் நின்ற பிறகு முழங்கையை மடக்கித் தூக்குவதில் பலம் கூடாது, குறிதான் தவறும். பட்டருக்குச் சில அங்குலமே போதும்.

நான் கைப்பேசியில் ஜோன் ராமின் வீச்சைக் காட்டினேன். பிறவியிலேயே வலது பாதம் வளைந்திருந்தவர். கணுக்கால் அதிகம் வளையாது. அதனால் பேக்ஸ்விங்கும் குட்டை. அதை வைத்தே 2021இல் அமெரிக்க ஓப்பனையும் 2023இல் மாஸ்டர்ஸையும் வென்றார்.

மாமா இருமுறை பார்த்தார். ஏழாம் எண் அயனை எடுத்தார். கை மார்பு உயரத்தில் நின்றது. பந்து நூறு மீட்டர் பலகையைத் தாண்டி விழுந்தது. அடுத்த மூன்றும் அதன் பக்கத்திலேயே.

திரும்பும் வழியில் கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசல். பை பின் இருக்கையில்.

“அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கும்மா?” என்றார்.